கணக்கில் ஏறாத உழைப்பு: பெருந்தொற்றுக் காலமும் கல்விப்பணியிலுள்ள மகளிரும்

2020ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள் முதல் தமிழ்நாட்டில் பள்ளிகளும் கல்லூரிகளும் மூடப்பட்டன. அதே மாதம் 25ஆம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. கொரோனாப் பெருந்தொற்று மக்களின் உடல்நலத்தையும் பிழைப்பையும் தாக்கிய வரலாறு பலராலும் எழுதப்பட்டுள்ளது. வேலையிழந்து, குழந்தைகளைச் சுமந்து, நெடுஞ்சாலைகளில் நடந்தே ஊர் திரும்பிய தொழிலாளரின் துன்பத்தோடு கல்லூரி ஆசிரியைகளின் துன்பத்தை நிறுத்துப் பார்ப்பது நம் நோக்கமன்று. எனினும் கல்விப்பணியிலுள்ள மகளிர் அக்காலத்தில் பணியையும் குடும்பத்தையும் ஒருங்கே தாங்கிய முறை தனியே ஆராயத்தக்கது. உயர்ந்த படிப்பும், சமுதாய மதிப்பும், பெரும்பாலும் ஊதியமும் உடையவர்கள் அவர்கள். அவர்களுக்கே இல்லத்தில் நேரத்தின்மேல் உரிமை இல்லாமற் போயிற்று என்றால், அவ்வுரிமையை நாம் எவ்வாறு பங்கிட்டு வைத்திருக்கிறோம் என்ற வினா எழுகிறது.

பெருந்தொற்று இச்சுமையை உண்டாக்கியதா, அன்றி முன்னரே இருந்த சுமையை வெளிப்படுத்தியதா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயும் பொருள். சபைகளில் குடும்பங்களுக்கு ஆலோசனை கூறுவோரும், நாளை கூறவிருப்போரும் இதனை வாசிக்கின்றனர். ஆதலால் வெறும் இரக்கத்தோடு நின்றுவிடாமல், காரணங்களை வரிசைப்படுத்திக் காண முயல்வோம்.

1. ஓரிக்கை தரும் இரு படிப்பினைகள்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில், பாலாற்றின் அருகே உள்ளது ஓரிக்கை. நகரமும் நாட்டுப்புறமும் கலக்கும் இடம் அது. இவ்வூர்ப் பெயருக்கு வைணவ மரபு ஒரு காரணம் கூறுகிறது. திருமழிசை ஆழ்வாரின் மாணாக்கரான கணிகண்ணரைப் பல்லவ மன்னன் காஞ்சியை விட்டு வெளியேறும்படி ஆணையிட்டான். மாணாக்கரோடு ஆழ்வாரும் புறப்பட்டார். ஆழ்வாரின் வேண்டுகோளுக்கிணங்கப் பெருமாளும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்தொடர்ந்தார். அவர்கள் ஓரிரவு தங்கிய இடம் 'ஓரிருக்கை' எனப்பட்டு, பின்னர் 'ஓரிக்கை' என மருவிற்று என்பர்.

இக்கதையின் தொடக்கத்தில் ஒரு மூதாட்டி இருக்கிறாள். ஆழ்வார் இருந்த இடத்தை நாள்தோறும் பெருக்கி மெழுகித் தூய்மை செய்துவந்தவள் அவள். அப்பணியால் மகிழ்ந்த ஆழ்வார் அவளுக்கு மீண்டும் இளமையை அருளினார். அதனைக் கண்ட மன்னன் தனக்கும் அவ்வாறே வேண்டுமென்று கேட்டதிலிருந்தே பூசல் எழுந்தது. மன்னனின் சினமும், புலவரின் உறுதியும், ஓரிரவுப் பயணமும் ஊர்ப்பெயரில் நிலைத்தன. பெருக்கி மெழுகிய கைகளை அப்பெயர் நினைவில் வைக்கவில்லை. எனினும், அவ்வுழைப்புக்கு ஒரு விலை உண்டென்று ஆழ்வார் கண்டார் என்பதை அம்மரபே மறக்காமல் சொல்லிவருகிறது. இது முதற்படிப்பினை.

இரண்டாவது படிப்பினையை இவ்வட்டாரத்துத் தறிகள் தருகின்றன. வீட்டிலிருந்தே வேலை செய்தல் என்பது 2020இல் நகரத்தார்க்குப் புதுமையாகத் தோன்றிற்று. காஞ்சிப் பட்டு நெசவாளர் குடும்பங்களுக்கோ அது தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். தறி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. உடல் ஒரு நிறமும் கரை வேறொரு நிறமுமாக நெய்யப்படும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். தறியில் அமர்பவர் ஒருவரால் அது முடியாது. பக்கத்தில் இன்னொருவர் இருந்து நாடாவைக் கோத்துத் தரவேண்டும். இராட்டையில் நூல் சுற்றுதல் முதலாய முன்வேலைகளும் உள்ளன. இவற்றுள் பெரும்பகுதியைச் செய்பவர்கள் வீட்டுப் பெண்களே. ஆனால் கூலியோ சேலைக்கு இவ்வளவு என்று தறிக்காரர் பெயரில் எழுதப்படுகிறது. வேலைத்தலமும் இல்லமும் ஒன்றாகும்போது யாருடைய உழைப்பு கணக்கில் ஏறும், யாருடையது ஏறாது என்பதை இத்தறிவீடுகள் நெடுங்காலமாகவே காட்டிவந்துள்ளன. 2020இல் கல்லூரி ஆசிரியையின் இல்லமும் இவ்வகையில் ஒரு தறிவீடாயிற்று.

2. ஒருவர் பெயரில் இருவர் உழைப்பு

கல்லூரி ஆசிரியர் பதவி தொடக்கத்தில் எத்தகைய மனிதரை எண்ணி வகுக்கப்பட்டது என்பதை அறிவது பயனுள்ளது. பகலில் கற்பித்து, மாலையில் நூலகத்தில் அமர்ந்து, இரவில் எழுதி, விடுமுறையில் மாநாட்டுக்குப் பயணம் செய்யும் ஒருவரை அது எண்ணிற்று. அவர் உண்ணும் உணவும், உடுக்கும் உடையும், அவர் பிள்ளைகளின் வளர்ப்பும் வேறொருவர் பொறுப்பு என்பது சொல்லாமலே கொள்ளப்பட்டது. ஆகவே பதவியும் ஊதியமும் ஒருவர் பெயரில் இருந்தாலும், அதனைத் தாங்கியவர்கள் இருவர்.

பெண்கள் இப்பணிக்கு வந்தபோது இவ்வேற்பாடு என்னவாயிற்று? சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி 1915இல் தொடங்கப்பட்டது. அதன் முதல் முதல்வர் எலினர் மக்டூகல் அம்மையார். வேலூரில் மகளிர்க்கான மருத்துவப் பள்ளியை ஐடா ஸ்கடர் அம்மையார் 1918இல் தொடங்கினார். உலகெங்கும் இன்ஃபுளுவென்சாக் கொள்ளைநோய் பரவிய ஆண்டும் அதுவே. மதுரை லேடி டோக் கல்லூரியை 1948இல் நிறுவியவர் கேட்டி வில்காக்ஸ் அம்மையார். இம்மூவரும் மணம் புரியாதவர்கள். அவர்களோடு பணியாற்றிய ஆசிரியைகளுள்ளும் பலர் அவ்வாறே வாழ்ந்தனர். கல்விப்பணியும் குடும்பமும் ஒரு பெண்ணுக்கு ஒருங்கே இயலா என்ற நிலையில், ஒன்றைத் துறந்து மற்றதை அவர்கள் ஏற்றனர். அத்துறவின் பெருமையைக் குறைத்துக் கூறுவது நம் கருத்தன்று. ஆயினும் அதே பணியில் இருந்த ஆண்களிடம் அத்துறவு கேட்கப்படவில்லை என்பதையும் நாம் மறைக்கலாகாது.

பின்னர் வந்த தலைமுறையில் மணமான பெண்கள் பெருந்தொகையினராய்க் கல்லூரிப் பணிக்கு வந்தனர். மைய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2020-21ஆம் ஆண்டில் இந்திய உயர்கல்வி நிறுவனங்களில் 15.51 இலட்சம் ஆசிரியர்கள் இருந்தனர், அவர்களுள் 42.9 விழுக்காட்டினர் பெண்கள். ஆள் மாறினாலும் பதவியின் அமைப்பு மாறவில்லை. இல்லத்தில் இன்னொருவர் இருக்கிறார் என்று எண்ணி வகுக்கப்பட்ட அப்பணியில், அந்த இன்னொருவராகவும் தானே இருக்கவேண்டிய ஒருவர் வந்து சேர்ந்தார்.

இம்முரண்பாட்டை அவர் எவ்வாறு சமாளித்தார்? பாட்டியர் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டனர். வீட்டுவேலைக்கு வரும் அம்மா பாத்திரம் துலக்கினார். பள்ளிக்கூடம் பகற்பொழுதில் பிள்ளையை வைத்துக்கொண்டது. ஓரிக்கையிலிருந்து காஞ்சிபுரத்துக் கல்லூரி ஒன்றுக்குப் பேருந்தில் சென்றுவரும் விரிவுரையாளர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பேருந்தில் ஏறுகிறார். அப்பேருந்துப் பயணம் அவர்க்கு வெறும் போக்குவரத்தன்று. ஒரு பொறுப்பு முடிந்து மற்றொரு பொறுப்பு தொடங்கும் எல்லை அது. கல்லூரிக்குள் நுழைந்தபின் சில மணிநேரம் அவர் ஆசிரியராக மட்டும் இருக்கலாம். பாட்டி, பணிப்பெண், பள்ளிக்கூடம், பேருந்து ஆகிய நான்கு கால்களின்மேல் நின்ற ஏற்பாடு இது. பெருந்தொற்று இந்நான்கையும் ஒரே வாரத்தில் தட்டிவிட்டது.

3. வாயில் அடைபட்டபின்

கல்லூரி மூடப்பட்டதேயன்றிக் கல்லூரிப்பணி மூடப்படவில்லை. கூகுள் மீட், ஜூம் முதலிய இணையவழிகளில் வகுப்பு நடத்தவேண்டியிருந்தது. பல ஆண்டுகள் கரும்பலகையில் கற்பித்தவர்கள், சில நாள்களில் திரையின்முன் கற்பிக்கப் பழகினர். வாட்ஸப் குழுவில் பாடக்குறிப்பு அனுப்புதல், வருகையைப் பதிவுசெய்தல், வகுப்புக்கு வராத மாணவரைத் தொலைபேசியில் அழைத்து விசாரித்தல், விடைத்தாளின் நிழற்படத்தைச் சிறுதிரையில் பார்த்துத் திருத்துதல் எனப் புதிய வேலைகள் வந்தன. கைபேசியோ இணையமோ இல்லாத கிராமத்து மாணவர்க்கு என்ன செய்வது என்ற கவலையும் ஆசிரியர்க்கே வந்தது. கல்லூரி மாணவர்க்கு நாளொன்றுக்கு 2 ஜிபி இணையத் தரவை இலவசமாக வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2021ஆம் ஆண்டுத் தொடக்கத்தில்தான் கொண்டுவந்தது.

இவை ஆண் ஆசிரியர்க்கும் உரிய சுமைகளே. வேறுபாடு இல்லத்தின் மற்ற அறைகளில் இருந்தது. தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பர் 1ஆம் நாள்தான் மீண்டும் திறக்கப்பட்டன. அதாவது, 2020 மார்ச்சில் வீட்டுக்கு வந்த சிறுபிள்ளை ஏறத்தாழ பத்தொன்பதரை மாதம் வீட்டிலேயே இருந்தது. அதற்கும் இணையவழி வகுப்பு. அதற்கும் ஒரு கைபேசி வேண்டும். அருகில் ஒருவர் அமர்ந்திருக்கவும் வேண்டும். தாயின் வகுப்பும் பிள்ளையின் வகுப்பும் ஒரே வேளையில் வந்தால் எது விட்டுக்கொடுக்கப்படும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. மூன்று வேளை உணவும் வீட்டிலேயே ஆயிற்று. முதியோரை நோய் எளிதில் தாக்கும் என்பதால், முன்பு துணையாயிருந்த பாட்டியே இப்போது பாதுகாக்கப்பட வேண்டியவரானார். 2021 ஏப்ரல் முதல் ஜூன் வரை இரண்டாம் அலை வந்தபோது, நோயாளியைத் தனியறையில் வைத்துப் பேணுதலும் பல இல்லங்களில் அவர்மீதே விழுந்தது.

நான்கு கால்களுள் ஒன்று பணிப்பெண் என்றோம். அவரைப்பற்றித் தனியே ஒரு சொல் கூறவேண்டும். கல்லூரி ஆசிரியையின் ஆராய்ச்சி நேரம் எங்கிருந்து வந்தது என்று தேடினால், அது பெரும்பாலும் இன்னொரு பெண்ணின் குறைந்த கூலியிலிருந்து வந்தது என்பது தெரியும். ஊரடங்கில் அவர் வர இயலாமற் போனபோது ஒரு வீட்டில் வேலை குவிந்தது. மற்றொரு வீட்டில் அடுப்பே எரியவில்லை. வேலை நின்ற மாதங்களுக்கும் கூலி கொடுத்த இல்லங்கள் உண்டு. கொடாத இல்லங்களும் உண்டு. கல்வி கற்ற பெண்ணின் விடுதலை, கல்லாத பெண்ணின் முதுகின்மேல் கட்டப்படுமானால் அது அரைகுறை விடுதலையே.

கல்விப்பணியிலுள்ள மகளிர் அனைவரும் ஒரே நிலையில் இருந்தனர் என்றும் கருதலாகாது. அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளின் நிரந்தர ஆசிரியர்க்கு ஊதியம் தொடர்ந்தது. பல சுயநிதிக் கல்லூரிகளில் ஊதியம் குறைக்கப்பட்டது, சிலவற்றில் நிறுத்தப்பட்டது. அரசுக் கல்லூரிகளின் கௌரவ விரிவுரையாளர்க்குத் தொகுப்பூதியமே கிடைத்தது. ஊதியம் நிச்சயமில்லாதவர் வகுப்பை மட்டும் குறைத்துக்கொள்ள முடியாது; அடுத்த ஆண்டு பணி நீடிக்குமா என்ற அச்சம் அவரை மேலும் உழைக்கச் செய்தது.

4. அளந்தோர் கண்டவை

இவையெல்லாம் வெறும் முறையீடுகள் என்று தள்ளிவிட இயலாதபடி அளவைகள் உள்ளன. இந்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல், அதாவது பெருந்தொற்றுக்கு முந்திய ஆண்டில், மக்கள் தம் நேரத்தைச் செலவிடும் முறைபற்றிக் கணக்கெடுத்தது. ஆறு வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களுள் 81.2 விழுக்காட்டினர் ஒரு நாளில் ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபட்டனர், ஆண்களுள் 26.1 விழுக்காட்டினரே ஈடுபட்டனர். அவ்வாறு ஈடுபட்டவர்களுள் பெண்கள் செலவிட்ட நேரம் நாளொன்றுக்கு 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். அதே அலுவலகம் 2024இல் மீண்டும் கணக்கெடுத்தபோது இவ்வளவுகள் 289 நிமிடமும் 88 நிமிடமுமாக இருந்தன. பெருந்தொற்றுக்கு முன்னும் பின்னும் எடுத்த இவ்விரு அளவைகளையும் அருகருகே வைத்தால், இடைவெளி 202 நிமிடத்திலிருந்து 201 நிமிடமாயிற்று. இருபாலாரின் நேரமும் சிறிது குறைந்தது, இடைவெளியோ நகரவில்லை.

ஊரடங்கின்போது ஒரு சிறு மாற்றம் தோன்றியது என்பதையும் நேர்மையாகக் கூறவேண்டும். அசோகாப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியை அசுவினி தேஷ்பாண்டே, பெருந்தொற்றின் முதல் அலையில் இந்தியக் குடும்பங்களைப்பற்றிக் கிடைத்த தரவுகளை ஆராய்ந்தார். 2020 ஏப்ரலில், கடுமையான ஊரடங்கின்போது, ஆண்கள் வீட்டுவேலையில் செலவிட்ட நேரம் உயர்ந்து, ஆண் பெண் இடைவெளி குறைந்திருந்தது. ஆகஸ்டு மாதத்துக்குள் அவ்வுயர்வின் பெரும்பகுதி மறைந்துவிட்டது. இது நமக்கு இரண்டைக் கற்பிக்கிறது: ஆண்களால் முடியாது என்பது பொய், வேறு வழியில்லாதபோது செய்ததை வழி கிடைத்ததும் விட்டுவிட்டனர் என்பது மெய்.

ஆராய்ச்சிப் பணிக்கு நேர்ந்தது என்ன? அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள 4,535 ஆய்வாளர்களிடம் 2020 ஏப்ரலில் வினவித் தொகுத்த ஓர் ஆய்வு அதே ஆண்டில் வெளிவந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையுள்ளவர்களின் ஆராய்ச்சி நேரம், மற்றவர்களைவிட 17 விழுக்காடு கூடுதலாகக் குறைந்திருந்தது. பெண்ணாயிருத்தல் மட்டுமே 5 விழுக்காடு கூடுதல் குறைவோடு தொடர்புற்றிருந்தது. எல்சேவியர் நிறுவனத்தின் 2,329 ஆய்விதழ்களுக்கு முதல் அலையின்போது வந்த கட்டுரைகளை ஆராய்ந்து 2021இல் வெளியிட்ட மற்றொரு குழு, அக்காலத்தில் கட்டுரைகளின் தொகை பொதுவாக உயர்ந்தும், பெண்களின் கட்டுரைகள் அவ்விகிதத்தில் உயரவில்லை எனக் கண்டது. இளம் ஆய்வாளர்களான பெண்களே மிகுதியும் பின்தங்கினர்.

2020இல் பலர் நியூட்டனை எடுத்துக்காட்டினர். 1665இல் கொள்ளைநோயால் கேம்பிரிட்ஜ் மூடப்பட்டபோது அவர் ஊருக்குச் சென்று, அத்தனிமையில் கணிதத்திலும் ஒளியியலிலும் பெருஞ்சிந்தனைகளை வளர்த்தார். அவ்வாறே அறிஞர்கள் ஊரடங்கைப் பயன்படுத்தலாம் என்றனர். நியூட்டன் அப்போது மணமாகாத இளைஞர். தங்கியிருந்தது தாயின் பண்ணை வீட்டில். தனிமை என்பது அறிவுப்பணியின் கருவி என்றால், அக்கருவி எல்லார்க்கும் ஒரே அளவில் வழங்கப்படவில்லை.

இவ்விழப்பின் கொடுமை அது கண்ணுக்குத் தெரியாமையில் உள்ளது. எழுதப்படாத கட்டுரையை எவரும் காண்பதில்லை. அதுவும், பெண்ணறிஞர்களின் பணி மிகவும் வேண்டப்பட்ட காலத்திலேயே இவ்விழப்பு நேர்ந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை அறிவியலாளராக அன்று இருந்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த சௌமியா சுவாமிநாதன். புனேயில் உள்ள தேசிய நச்சுயிரியல் நிறுவனத்தின் இயக்குநராயிருந்த பிரியா ஆபிரகாம், அதற்குமுன் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நச்சுயிரியல் துறையில் பணியாற்றியவர். அதே கல்லூரியைச் சேர்ந்த ககன்தீப் காங், தடுப்பூசி ஆராய்ச்சியில் உலகறிந்தவர். இத்தகையோர் வழியில் வந்திருக்கவேண்டிய இளையோர் எத்தனைபேர் அப்பத்தொன்பது மாதங்களில் பின்தங்கினர் என்பதை எந்த ஏடும் காட்டாது.

5. சம சலுகை நீதியாகுமா?

காலம் இழந்தவர்க்குக் காலம் நீட்டித்துக் கொடுத்தால் போதாதா எனலாம். முனைவர் பட்ட ஆய்வேடு அளிக்கும் காலத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு பெருந்தொற்றுக் காலத்தில் ஆறு ஆறு மாதமாக ஒருமுறைக்கு மேல் நீட்டித்தது. அது வேண்டியதொன்றே, பலர்க்கு உதவிற்று. ஆனால் எல்லார்க்கும் ஒரே அளவில் நீட்டிக்கும்போது ஒரு சிக்கல் எழுகிறது. ஆறு மாதத்தை ஒருவர் எழுதப் பயன்படுத்துகிறார். மற்றொருவர் அதே ஆறு மாதத்தில் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறார். முடிவில் ஒப்பிடும்போது முதல்வர் மேலும் முன்னேறியிருப்பார்.

இது வெறும் ஊகமன்று. அமெரிக்காவின் முன்னணிப் பொருளியல் துறைகளில், குழந்தை பிறந்தால் தாய் தந்தை இருவர்க்கும் நிரந்தரப் பணிக்கான காலவரம்பை ஒரே அளவில் நீட்டிக்கும் விதி இருந்தது. அதன் விளைவை ஆராய்ந்து 2018இல் வெளிவந்த ஆய்வு, அவ்விதியால் ஆண்கள் நிரந்தரம் பெறும் வாய்ப்பு உயர்ந்து, பெண்களின் வாய்ப்புக் குறைந்தது எனக் கண்டது. ஆகவே சமமாகப் பங்கிடுவதும் நீதியாகப் பங்கிடுவதும் எப்போதும் ஒன்றல்ல.

நம் நாட்டில் இவ்வேறுபாட்டை உணர்ந்த விதிகள் இல்லாமலில்லை. மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு முனைவர் பட்ட விதிகள் பெண்களுக்கு ஈராண்டுக் காலத் தளர்வையும், மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்புக்காக 240 நாள் வரை விடுப்பையும் வகுத்தன. 2018ஆம் ஆண்டு விதிகள் ஆசிரியைகளுக்குப் பணிக்காலத்தில் 730 நாள் வரை குழந்தைப் பராமரிப்பு விடுப்புக்கு இடம் தந்தன. ஆனால் அதே விதிகள், இணைப் பேராசிரியர் பதவிக்கு நேரடித் தேர்வில் ஏழு ஆய்வுக் கட்டுரைகளையும், பேராசிரியர் பதவிக்குப் பத்தையும் குறைந்த அளவாகக் கேட்டன. விடுப்பு ஒரு கையால் தரப்படுகிறது. விடுப்பில் எழுத இயலாமற் போனவை மறுகையால் எண்ணப்படுகின்றன. எனவே விடுப்பு மட்டும் போதாது; எண்ணும் முறையும் மாறவேண்டும். ஐரோப்பிய ஆராய்ச்சிக் குழு, இளம் ஆய்வாளர்க்கான நிதிநல்கைத் தகுதிக்காலத்தைக் கணக்கிடும்போது, தாயாகிய ஆய்வாளர்க்குக் குழந்தை ஒன்றுக்குப் பதினெட்டு மாதம் சேர்த்துக் கொடுத்தது. இல்லத்து உழைப்பு அங்கே எண்ணாக மாறி ஏட்டில் ஏறியது.

எண்ணுதலின் சிறப்பை ஓரிக்கைச் சாலை சென்று சேரும் உத்திரமேரூரே நமக்குக் கூறும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 921இல் வெட்டப்பட்ட கல்வெட்டு, குடவோலை முறையில் வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளை விரித்துரைக்கிறது. முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும், அவர்தம் உறவினரும் தகுதியற்றவர் என்கிறது. பொதுப்பணிக்கு அத்துணைக் கண்டிப்பான கணக்கு! அதே விதிகள், சொந்த மனையில் வீடு உடையவராயிருத்தலைத் தகுதியாகக் கேட்டன. வீடு தகுதியாக எண்ணப்பட்டது; அவ்வீட்டை நடத்தியவள் எண்ணப்படவில்லை. ஆயிரம் ஆண்டு கழிந்தபின்னும், ஆசிரியரின் தகுதிப்பட்டியலில் அவருடைய கட்டுரைகள் எண்ணப்படுகின்றன. அவற்றை எழுத நேரம் தந்தவர் யார் என்று கேட்கப்படுவதில்லை.

6. நாம் செய்யத்தக்கவை

கல்வி நிறுவனங்களை நடத்துவோர் நம்மிடையே உள்ளனர். இறையியல் கல்லூரிகளிலும் பெண்கள் கற்பிக்கின்றனர், ஆராய்ச்சி செய்கின்றனர். முதலாவது, பணியமர்த்தலிலும் பதவி உயர்விலும் கட்டுரைகளை நாட்காட்டி ஆண்டுகளால் வகுக்காமல், ஆராய்ச்சிக்கு மெய்யாகக் கிடைத்த ஆண்டுகளால் வகுத்துப் பார்க்கும் முறையைத் தேர்வுக்குழுக்கள் மேற்கொள்ளலாம். இரண்டாவது, 2017ஆம் ஆண்டு மகப்பேற்று நலச் சட்டத் திருத்தம் 26 வார விடுப்போடு, ஐம்பது பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகத்தையும் வகுத்தது. சட்டம் தம்மைக் கட்டாயப்படுத்துகிறதா என்று தேடுமுன், காப்பகத்துக்கு ஓர் அறை ஒதுக்க முடியுமா என்று நம் ஆட்சிக்குழுக்கள் தேடுவது நன்று. மூன்றாவது, மாலைநேரக் கூட்டங்களும் விடுமுறைநாள் அலுவல்களும் இல்லத்தில் இன்னொருவர் இருக்கிறார் என்ற பழைய எண்ணத்திலேயே வகுக்கப்படுகின்றனவா என்பதை ஆராயவேண்டும்.

சபைகளில் பணிபுரிவோர்க்கு வேறொரு பொறுப்பு உண்டு. அன்னையரைப்பற்றிய அருளுரைகளில் தியாகம் என்னும் சொல் தவறாமல் வருகிறது. தியாகம் உயர்ந்ததே, ஆனால் அது மனமுவந்து கொடுப்பது. கேளாமலே எடுத்துக்கொள்ளப்பட்டதற்கு அப்பெயர் சூட்டுவோமானால், எடுத்தவரின் கடனை நாமே தள்ளுபடி செய்தவர்களாவோம். புகழ்ச்சி செலவில்லாதது, பங்கேற்பு நேரம் கேட்பது. ஆகவே தாயின் உழைப்பைப் பாராட்டும் அருளுரை, தந்தையும் மகனும் நாளை காலை என்ன செய்யவேண்டும் என்பதையும் சொல்லவேண்டும். திருமண ஆயத்த வகுப்புகளில் வரவு செலவைப்பற்றிப் பேசுகிறோம். நேரத்தின் வரவு செலவைப்பற்றியும் பேசலாம்: காலையில் அடுப்பு யாருடையது, பிள்ளையின் பாடம் யாருடையது, முதியோரின் மருந்து யாருடையது, வீட்டுவேலைக்கு வருபவரின் கூலியும் விடுப்பும் எவ்வளவு என்று மணமக்கள் இருவரும் ஒரே தாளில் எழுதிப் பார்க்கட்டும்.

குருமனைகளும் இதற்குப் புறம்பல்ல. ஆயரின் மனைவி ஆசிரியையாயிருக்கும் குடும்பங்கள் நம் சபைகளில் பல. ஆயர்ப்பணியும் முன்னர்க் கண்டதுபோல் ஒருவர் பெயரில் இருவர் உழைக்கும் பணியாகவே நடந்துவருகிறது. விருந்தினரை உபசரித்தலும், பெண்கள் ஐக்கிய சங்கத்தை நடத்துதலும், தம் கல்லூரி வகுப்பும், தம் ஆய்வேடும் அவருக்கு ஒரே நாளில் வந்து சேர்கின்றன. சபையார் அவருடைய ஆய்வேட்டைப் பொழுதுபோக்காகக் கருதாமல் பணியாகக் கருதும்படி கற்பிப்பது ஆயரின் கடமை.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்போது விடை கூறலாம். பெருந்தொற்று புதிய அநீதி ஒன்றைப் படைக்கவில்லை. பாட்டியும் பணிப்பெண்ணும் பள்ளிக்கூடமும் பேருந்தும் மறைத்து வைத்திருந்த ஒன்றை அது வெளியே நிறுத்திக் காட்டிற்று. அந்நான்கும் இப்போது திரும்பி வந்துவிட்டன. ஆகையால் அது மீண்டும் மறைந்துவிட்டது. 2019க்கும் 2024க்கும் இடையே அந்த இருநூறு நிமிட இடைவெளி ஒரே ஒரு நிமிடமே குறைந்தது. இன்னொரு கொள்ளைநோய் வருமா என்பது நம் கையில் இல்லை. அந்நிமிடங்களுள் எத்தனை நம் வீட்டில் நம் பேரில் எழுதப்படவேண்டியவை என்பதை இன்றே எண்ணிப் பார்ப்பது நம் கையில் உள்ளது.